150 ‘உறுதி வினாக்களை’ நம்பி அறிவியல் தேர்வுக்குப் போகலாமா?

கேள்வி: என் மகள் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் மட்டும் 75க்கு 24 எடுத்திருக்கிறாள். “செய்முறையில் எல்லோருக்கும் 25 போட்டுவிடுவார்கள், எழுத்தில் பத்து எடுத்தாலே பாஸ்” என்கிறாள். பக்கத்துத் தெரு டியூஷன் சென்டரில் 8,000 ரூபாய் கட்டினால் 150 ‘உறுதி வினாக்கள்’ அடங்கிய புத்தகமும் 40 நாள் வகுப்பும் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்கும் பயமென்றால் டி.சி. வாங்கிவிட்டுத் தனித்தேர்வராக எழுத வையுங்கள், செய்முறையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார் அதை நடத்துபவர். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்தப் பத்து மதிப்பெண் கணக்கை உங்கள் மகளின் மனத்திலிருந்து அழித்துவிடுங்கள். எழுத்துத் தேர்வில் 75க்குக் குறைந்தது 20, செய்முறையில் 25க்குக் குறைந்தது 15, இரண்டையும் தனித்தனியே தாண்டினால்தான் தேர்ச்சி. செய்முறையில் முழு 25 வாங்கி எழுத்தில் 19 எடுத்த பிள்ளைக்கு மொத்தம் 44 வரும், தேர்ச்சி வராது. 24இல் இருக்கும் உங்கள் மகள் விளிம்புக்கு மேலே நான்கே மதிப்பெண்ணில் நிற்கிறாள். பள்ளி திறந்த ஜூன் மாதமே இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பல பள்ளிகளில் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் ஆய்வகப் பூட்டே திறக்கிறது. குவிலென்சைக் கையில் பிடித்து, ஜன்னல் வெளிச்சம் சுவரில் தலைகீழாக விழுவதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு ஒளியியல் பாதி புரிந்துவிடும். அதைக் காட்டாமலே மதிப்பெண்ணை மட்டும் அள்ளிப் போடுகிறோம். பிள்ளை பாடத்தை அலட்சியமாக நினைப்பதற்கு நாம்தான் காரணம்.

இப்போது அந்த 150 வினாக்களுக்கு வருகிறேன். உறுதி வினா என்று உலகத்தில் ஒன்றும் கிடையாது. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே சொல்லிய ‘புளூபிரிண்ட்’ முறை கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. புத்தகத்தின் 23 பாடங்களில் எதிலிருந்தும், பாடத்தின் உட்பகுதியிலிருந்தும் கேட்கலாம். இத்தகைய புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தால் பெரும்பகுதி பாடநூலின் பின்பக்கப் பயிற்சி வினாக்களாகவே இருக்கும். உங்கள் மகளிடம் பள்ளி இலவசமாகக் கொடுத்த பாடநூலின் பக்கங்களை நகலெடுத்து அவளுக்கே விற்கிறார்கள். தேர்வு நெருங்கும்போது ‘கசிந்த வினாத்தாள்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதும் இதே வியாபாரம்தான். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 12. இரண்டு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழும், நான்கு மதிப்பெண்ணில் பத்துக்கு ஏழும் எழுத வேண்டும். ஏழு மதிப்பெண் வினாக்கள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் ‘அல்லது’ உண்டு. இரண்டு மதிப்பெண்ணில் 22ஆம் வினாவும் நான்கு மதிப்பெண்ணில் 32ஆம் வினாவும் கட்டாயம், விட்டுவிட்டு வேறொன்றை எழுத முடியாது. அவை பெரும்பாலும் இயற்பியல், வேதியியல் கணக்குகளாகவே வருகின்றன. எண்ணை மாற்றிப் போட்டால் மனப்பாடம் செய்தவள் அங்கேயே நின்றுவிடுவாள். 150 வினாப் புத்தகம் கைவிடும் இடம் இதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 40 கிராம் நீரில் 10 கிராம் உப்பைக் கரைத்தால் கரைசலின் நிறை சதவீதம் என்ன? பத்தை நாற்பதால் வகுத்து 25 சதவீதம் என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். கரைசல் என்றால் உப்பும் நீரும் சேர்ந்தது. ஆக, 10ஐ 50ஆல் வகுக்க வேண்டும், விடை 20 சதவீதம். வாய்பாட்டை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளைதான் இங்கே தவறுகிறாள். லென்சின் திறன் கணக்கும் அப்படியே. குவியத் தொலைவு 25 செ.மீ. என்று கொடுத்திருந்தால் அதை 0.25 மீட்டராக மாற்றிய பிறகே ஒன்றை அதனால் வகுக்க வேண்டும், விடை 4 டையாப்டர். வாய்பாடு, பிரதியிடல், அலகுடன் விடை என்று வரிவரியாக எழுதச் சொல்லுங்கள். கடைசி விடை தப்பினாலும் முந்தைய வரிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

உயிரியலில் படம் வரையாமல் படிக்கவே கூடாது. இதயத்தின் படத்தில் நம் வலக்கைப் பக்கம் தெரிவது இதயத்தின் இடப்பக்கம். இது புரியாததால்தான் ஈரிதழ் வால்வையும் மூவிதழ் வால்வையும் இடம் மாற்றிக் குறிக்கிறார்கள். படத்தை மூடிவைத்து, வெறும் தாளில் வரைந்து, பாகங்களைத் தானே குறிக்கட்டும். தப்பினால் மறுநாள் மறுபடியும்.

மீதி நாட்களில் 23 பாடங்களையும் வரிக்கு வரி துரத்த வேண்டாம். பாடநூலின் பின்பக்க ஒரு மதிப்பெண், இரண்டு மதிப்பெண் வினாக்களை முழுமையாக முடித்துவிட்டு, தினம் இரண்டு கணக்கும் ஒரு படமும் போதும். மெல்லக் கற்போருக்கான கையேட்டைப் பல மாவட்டங்களில் பள்ளிகளே இலவசமாகத் தருகின்றன, வகுப்பு ஆசிரியரிடம் கேட்டு வாங்குங்கள். ஒன்பதாம் வகுப்பு அறிவியலை ஓரங்கட்டிவிட்டுப் பத்தாம் வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே தொடங்கும் பள்ளிகளும் இருக்கின்றன. உங்கள் மகளுக்கும் அப்படி நடந்திருந்தால், அந்த அடிப்படை இல்லாமல் வேதியியலின் மோல் கணக்கு புரியாததற்கு அவளைத் திட்டாதீர்கள்.

டி.சி. யோசனையை மட்டும் அடியோடு விட்டுவிடுங்கள். முதன்முறையாக எழுதும் தனித்தேர்வர் கல்வி அலுவலரிடம் அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குப் பதிவு செய்து, ஒதுக்கப்பட்ட பள்ளியில் 80 சதவீத வகுப்புகளுக்குச் சென்றிருந்தால்தான் செய்முறைத் தேர்வு எழுத முடியும். அரையாண்டு முடிந்த இந்த நேரத்தில் அந்தப் பதிவு பெரும்பாலும் முடிந்துபோயிருக்கும். “பார்த்துக்கொள்கிறோம்” என்பவர் எதைப் பார்ப்பார்? வருகைப் பதிவேட்டில் இல்லாத வருகையை எழுதவைப்பேன் என்கிறாரா? அல்லது பணத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று கைவிரிப்பாரா? இரண்டில் எது நடந்தாலும் ஓர் ஆண்டை இழப்பது உங்கள் மகள்தான். நூறு சதவீதத் தேர்ச்சிப் பலகைக்காகச் சில பள்ளிகளே சுமாராகப் படிக்கும் பிள்ளைகளை இப்படி வெளியே தள்ளுகின்றன. நாளை பள்ளியே சொன்னாலும் டி.சி. விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

பள்ளி மாணவியாகவே எழுதி, அறிவியலில் மட்டும் தவறினால்கூட, முடிவு வந்த சில வாரங்களில் நடக்கும் துணைத் தேர்வில் அந்த ஒரு பாடத்தை எழுதி, அதே ஆண்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரலாம். அதற்கும் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்கலாம். டியூஷன் வேண்டும் என்றே தோன்றினால், வாரம் இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட வைக்கும் ஆசிரியராகப் பாருங்கள், கட்டணத்தை மாதாமாதம் கொடுங்கள். 8,000 ரூபாயை மொத்தமாக முன்பணம் கேட்கும் இடத்துக்குப் போக வேண்டாம்.