‘ஓவர்டைமுக்கு வரி இல்லை’ என்று அமெரிக்காவில் சட்டம் வந்த பிறகும் என் சம்பளத்தில் வரி பிடிப்பது ஏன்?

நீங்கள் மணிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் என்றும், கணக்குப் பிரிவின் மீது சந்தேகத்தில் இருக்கிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கு நிறுவனத்தின் சம்பளக் கணக்கைப் பார்ப்பவன் நான். அந்தச் சந்தேகத்தை நேருக்கு நேர் கேட்டு மனம் நொந்திருப்பதால்தான் விரிவாக எழுதுகிறேன்.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் ஓவர்டைமை வரியிலிருந்து முழுவதுமாக விடுவிக்கவில்லை. 2025 முதல் 2028 வரை, ஆண்டுக்கு 12,500 டாலர் வரை (தம்பதியர் கூட்டாகத் தாக்கல் செய்தால் 25,000), கூட்டாட்சி வருமான வரியில் மட்டும் ஒரு கழிவு (வரி கணக்கிடும் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் தொகை) தருகிறது. ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டியும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கான மெடிக்கேரும் வழக்கம்போலப் பிடிக்கப்படும். எங்கள் மாநில வரியும் அப்படித்தான்.

எங்கள் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர் ஒருவர் சம்பளச் சீட்டில் 300 டாலரைச் சுற்றிச் சிவப்பு மையால் வட்டம் போட்டு என் மேசையில் வைத்து, “இதில் ஏன் கை வைத்தீர்கள்?” என்று கேட்டார். அவருக்கு மணிக்கு 20 டாலர் கூலி. 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்த 10 மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்காக 30 டாலர் வீதம் வந்த தொகை அது. கழிவு கிடைப்பதோ அந்தக் கூடுதல் அரை மடங்குக்கு மட்டும், அதாவது 100 டாலருக்கு. 12 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்கு அதனால் மிச்சமாவது 12 டாலர். அதையும் 2025ஆம் ஆண்டுக்கு வருமான வரித் தாக்கலின்போதுதான் கோர முடியும். காகிதத்தில் போட்டுக் காட்டியபோது அவர் கோபம் தணிந்தது; ஏமாற்றம் தணியவில்லை, அதற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இதை எழுதினால் தொழிலாளிக்குக் கிடைத்த சலுகையைக் கண்டு முதலாளி பக்கம் பொருமுகிறது என்பார்கள். நான் சலுகையை எதிர்க்கவில்லை. ஜூலையில் கையெழுத்தான சட்டம் அதே ஆண்டு ஜனவரி 1 முதல் செல்லும் என்றால், பாதி ஆண்டு முடிந்துபோன கணக்கை யார் பிரிப்பது? எங்கள் மென்பொருள் ஓவர்டைமை ஒரே தொகையாகத்தான் வைத்திருந்தது. அதிலிருந்து மூன்றில் ஒரு பங்கைப் பிரிக்க வேண்டும்; வாரம் 40 மணியைத் தாண்டாமலே நிறுவனம் தன் விருப்பத்தில் கொடுத்த ஞாயிற்றுக்கிழமை இரட்டைக் கூலியை ஒதுக்க வேண்டும், ஏனெனில் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டப்படி கட்டாயமான ஓவர்டைமே கணக்கில் சேரும். 2025க்கு இதைத் தனியே காட்டாவிட்டாலும் அபராதமில்லை என்று கூட்டாட்சி வரித்துறையான ஐஆர்எஸ் அறிவித்தது. ஆனாலும் எண் தெரியாமல் தொழிலாளி எப்படிக் கழிவைக் கோருவார்? அதனால் வாரம் வாரமாகப் பிரித்து, ஆண்டு முடிவில் நிறுவனம் தரும் சம்பளச் சான்றான டபிள்யூ-2 படிவத்தின் 14ஆம் பெட்டியில் எழுதிக் கொடுத்தோம், அதில் எனக்குப் பெருமையே. 2026 முதல் 12ஆம் பெட்டியில் அதைக் காட்டுவது கட்டாயம்.

ஒன்றை மட்டும் செய்யுங்கள். எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று நீங்கள் நிறுவனத்துக்குச் சொல்லும் டபிள்யூ-4 படிவத்தின் 2026க்கான கழிவுப் பணித்தாளில் ஓவர்டைமுக்கு இடம் இருக்கிறது. கணக்கிட்டு அந்தப் படிவத்தின் 4(பி) இடத்தில் எழுதிக் கொடுத்தால் மாதாமாதப் பிடித்தம் குறையும். நீங்கள் கொடுக்காமல் நாங்களாகவே குறைக்க முடியாது. தனிநபருக்கு 1,50,000 டாலர் வருமானத்தைத் தாண்டினால் கழிவு தேயத் தொடங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.