கிளஸ்டருக்கு முன்னால் ப்ராக்ஸியைத் தனி சர்வரில்தான் வைக்க வேண்டுமா?

கிளஸ்டரில் மூன்று அப்ளிகேஷன் சர்வர்கள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றிலேயே ப்ராக்ஸியாக (பயனர்களின் ரிக்வெஸ்ட்டுகளை முதலில் வாங்கி சர்வர்களுக்கு அனுப்பும் மென்பொருள்) என்ஜின்எக்ஸைப் போட்டு மற்ற இரண்டுக்கும் பிரித்து அனுப்பினால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடும். ஆனாலும் நான் தனியாகத்தான் வைப்பேன்.

வேகத்துக்காக அல்ல. ப்ராக்ஸி வேலைக்குப் பெரிய மெஷினே தேவையில்லை. சிக்கல் எங்கே என்றால், அந்த ஒரு சர்வரில் அப்ளிகேஷன் மெமரியைத் தின்று தீர்க்கும்போது பக்கத்தில் ஓடும் என்ஜின்எக்ஸும் மூச்சுத் திணறும். மற்ற இரண்டு சர்வர்களும் நன்றாகவே இருக்கும், ஆனால் அவற்றுக்குப் போக வழி இருக்காது. கெர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அப்டேட்டுக்காக ரீபூட் செய்தாலும் இதே கதைதான்.

சரி, தனியாக வைப்பதென்று முடிவு செய்தால் முதலில் ஹெல்த் செக்கை, அதாவது ஒவ்வொரு சர்வரும் நலமாக இருக்கிறதா என்று ப்ராக்ஸி பார்ப்பதைக் கவனியுங்கள். பலர் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். இலவச என்ஜின்எக்ஸ் தானாகப் போய் சர்வரைத் தட்டிப் பார்ப்பதில்லை. யாரோ ஒரு பயனரின் ரிக்வெஸ்ட் தோற்ற பிறகுதான் அதற்கு விஷயம் தெரியும். டிஃபால்ட்டாக 10 விநாடி அந்த சர்வரை ஒதுக்கி வைக்கும், அப்புறம் மறுபடி அனுப்பிப் பார்க்கும். ஹெச்ஏப்ராக்ஸி என்ற இன்னொரு ப்ராக்ஸி மென்பொருளில் செக் போட்டால், டிஃபால்ட்டாக 2 விநாடிக்கு ஒருமுறை அதுவே போய்ப் பார்க்கிறது. தொடர்ந்து 3 முறை தோற்றால் கழற்றிவிடும், 2 முறை சரியானால் திரும்பச் சேர்க்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் ஹெச்ஏப்ராக்ஸி பக்கம்.

ஆனால் வெறும் செக் என்பது போர்ட் திறந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். அப்ளிகேஷனிடம் ரிக்வெஸ்ட் அனுப்பிப் பதில் வருகிறதா என்று பார்க்கும் ஹெச்டிடிபி செக்காக மாற்றி, அதற்கென்று ஒரு சின்ன யூஆர்எல் கொடுங்கள். அந்த யூஆர்எல்லுக்குள் பொதுவான டேட்டாபேஸைச் சோதிக்க வேண்டாம். டேட்டாபேஸ் கொஞ்சம் தடுமாறினால் மூன்று சர்வர்களும் ஒரே நேரத்தில் கழன்று, எல்லோருக்கும் 503 (சேவை கிடைக்கவில்லை) பிழைதான் போகும்.

அடுத்தது ஐபி. ப்ராக்ஸி வந்துவிட்டால் அப்ளிகேஷன் லாகில் எல்லாப் பயனர்களும் ப்ராக்ஸியின் ஐபியிலேயே தெரிவார்கள். பயனரின் உண்மையான ஐபியை ரிக்வெஸ்ட்டோடு சேர்த்து அனுப்பும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெட்டர் அதற்குத்தான். ஆனால் அதை யார் வேண்டுமானாலும் போலியாக எழுதி அனுப்பலாம். எனவே ப்ராக்ஸியிடமிருந்து நேரடியாக வந்தால் மட்டும் நம்பும்படி வையுங்கள். அப்ளிகேஷன் போர்ட்டுகளையும் ஃபயர்வாலில் ப்ராக்ஸிக்கு மட்டும் திறந்துவிடுங்கள். ஒரே பயனரின் ரிக்வெஸ்ட்டுகள் வேறு வேறு சர்வருக்குப் போகலாம் என்பதால், செஷனை (லாகின் போன்ற பயனர் விவரம்) சர்வர் மெமரியில் வைத்திருந்தால், எல்லா சர்வர்களும் பொதுவாகப் பயன்படுத்தும்படி ரெடிஸ் என்ற டேட்டா ஸ்டோருக்கு மாற்றிவிடுவது நல்லது.

ஒரே ஒரு ப்ராக்ஸி என்றால் அது விழும்போது எல்லாமே விழும். அதனால் இரண்டு வைத்து, கீப்அலைவ்டி என்ற மென்பொருள் மூலம் ஒரு மிதக்கும் ஐபி (இரண்டுக்கும் இடையே மாறக்கூடிய பொது ஐபி) கொடுங்கள். முதலாவது செத்தால் சில விநாடிகளில் இரண்டாவது அந்த ஐபியை எடுத்துக்கொள்ளும். ஆனால் பல கிளவுட் நெட்வொர்க்குகளில், கீப்அலைவ்டி டிஃபால்ட்டாகத் தகவல் பரிமாறப் பயன்படுத்தும் மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் முறை) போகாது, ஐபியும் இப்படித் தானாக மாறாது. அங்கே கிளவுட்காரர்களே தரும் லோட் பேலன்ஸரை (ரிக்வெஸ்ட்டுகளைப் பிரித்து அனுப்பும் சேவை) எடுத்துக்கொள்வதே மேல்.

தளத்தைத் திறக்கும் முன், ஒரு சர்வரில் அப்ளிகேஷனைக் கொல்லாமல் ஸ்டாப் சிக்னல் (SIGSTOP) கொடுத்து உறைய வைத்துப் பாருங்கள். கெர்னல் கொஞ்ச நேரத்துக்கு இணைப்புகளை ஏற்றுக்கொண்டே இருக்கும், அதனால் அதுவரை போர்ட் செக் பச்சையாகவே காட்டும். ஹெச்டிடிபி செக் அதைக் கழற்றிவிட்டால், உங்கள் செட்டப் சரி.