ஹரிகேன் எப்படி உருவாகிறது, பலத்தை எப்படி அளக்கிறார்கள், மலேசியாவுக்கு ஏன் அது வருவதில்லை?

சுங்கை சிப்புட்டில் இருந்து எழுதுகிறேன். கேள்வியின் கடைசிப் பகுதியில் "வருவதில்லை" என்று உறுதியாகச் சொல்லியிருக்கிறீர்கள். வந்திருக்கிறது. அதைச் சொல்லுமுன் உருவாகும் விதத்தைப் பார்த்துவிடலாம்.

அமெரிக்கப் பக்கம் ஹரிகேன், பிலிப்பைன்ஸ், ஜப்பான் பக்கம் தைபூன், வங்காள விரிகுடாவில் சைக்ளோன். எல்லாம் கடலில் உருவாகும் ஒரே வகைச் சுழல் புயல்தான். கடல்நீர் சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்கு மேல், மேற்பரப்பில் மட்டுமல்லாமல் கிட்டத்தட்ட 50 மீட்டர் ஆழம் வரை சூடாக இருக்க வேண்டும். அங்கிருந்து ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர்ந்து மேகமாகும்போது, நீராவி தன்னுள் வைத்திருந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. சோற்றுப் பானையின் ஆவி கையில் பட்டால் அப்படிச் சுடுவது இந்த வெப்பத்தால்தான். அது சுற்றியுள்ள காற்றைச் சூடாக்க, காற்று இன்னும் வேகமாக ஏறுகிறது. கீழே அழுத்தம் குறைகிறது. நாலாபுறமும் இருந்து புதுக் காற்று உள்ளே பாய்கிறது. உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் அதிகம் மாறாமல் இருந்தால்தான் இது நீடிக்கும். மாறினால் புயல் சிதைந்துவிடும்.

உள்ளே பாயும் காற்றைச் சுழல வைப்பது பூமியின் சுழற்சி. அந்த விளைவு பூமத்திய ரேகையில் சுத்தமாக இல்லை. அதிலிருந்து வடக்கே, தெற்கே 5 டிகிரி அட்சரேகைக்குள் மிகக் குறைவு. நம் தீபகற்பம் ஏறக்குறைய 1 முதல் 7 டிகிரிக்குள் இருக்கிறது. கடல் சூடுக்கு நமக்குக் குறைவில்லை, சுழற்சிதான் போதவில்லை. விடியற்காலையில் கூரைத் தகரத்தைத் தூக்கி, ரப்பர் பால் வெட்டைக் கெடுத்துவிட்டுப் போகிறதே சுமத்ரா காற்று, அது வேறு வகை. இடிமேகங்கள் வரிசை கட்டி மலாக்கா நீரிணையைத் தாண்டி வருவது. ஓரிரு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும்.

ஆனாலும் 2001 டிசம்பரில் சுமார் 1.5 டிகிரியிலேயே வாமெய் என்ற புயல் உருவாகி ஜொகூரில் கரை ஏறியது. வடகிழக்குப் பருவக்காற்று போர்னியோ பக்கம் வளைந்து, குறைந்த சுழற்சியை ஈடுகட்டிவிட்டது. 2025 நவம்பரில் மலாக்கா நீரிணையிலேயே சென்யார் புயல் உருவானது. சுமத்ராவில் பெரும் வெள்ளம்.

சரி, அளவுகோல். அமெரிக்காவில் சஃபிர்–சிம்ப்சன் அளவுகோல். தரையில் இருந்து 10 மீட்டர் உயரத்தில், ஒரு நிமிடச் சராசரிக் காற்று வேகம் மணிக்கு 119 கிலோமீட்டரைத் தொட்டால் வகை 1. 154-இல் வகை 2, 178-இல் வகை 3, 209-இல் வகை 4, 252-இல் வகை 5. வேகம் இரண்டு மடங்கானால் சுவர் மீது விழும் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதை நினைவில் வையுங்கள். ஜப்பான் 10 நிமிடச் சராசரி எடுப்பதால், ஒரே புயலுக்கு இரண்டு எண்கள் செய்தியில் வருவது வழக்கம். அளப்பதற்கு விமானத்திலேயே புயலுக்குள் போய்க் கருவிகளைப் பாராசூட்டில் போடுகிறார்கள். விமானம் போகாத இடங்களில் செயற்கைக்கோள் படத்தில் மேகச் சுருளைப் பார்த்துக் கணிக்கிறார்கள்.

இந்த வகை எண் காற்றை மட்டும்தான் சொல்கிறது. மழையும் கடல் ஏற்றமும் அதில் கிடையாது. 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவின் லூசியானாவில் கரை ஏறியபோது வகை 3 மட்டுமே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், நியூ ஆர்லியன்ஸ் முழுகியது. நம் சபாவில் 1996 டிசம்பரில் வந்த கிரெக், வகை 1-ஐக்கூட எட்டாத வெப்பமண்டலப் புயல். அதன் வெள்ளத்தில் கெனிங்காவ் பக்கம் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் நாட்டில் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட யாரும் சொல்வதில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அதனால் ஆற்றோரமோ பள்ளமான லயத்திலோ (தோட்ட வரிசை வீடுகளிலோ) வீடு இருந்தால், புயலின் வகை எண்ணைத் தேட வேண்டாம். வானிலை இலாகாவின் தொடர்மழை எச்சரிக்கையைப் பாருங்கள்: வஸ்பாடா (விழிப்பு), புருக் (மோசம்), பஹாயா (ஆபத்து) என்று மூன்று படி. பஹாயா வரும் வரை காத்திருக்காமல், புருக் என்றதுமே அடையாள அட்டையையும் மருந்தையும் ஒரு பையில் போட்டு, வயதானவர்களை மேட்டில் இருக்கும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.