2.5 × 0.04 = 0.001 என்று மகள் போடுவது ஏன்?

அவள் 25 × 4 = 100 என்று சரியாகத்தான் பெருக்கியிருக்கிறாள். புள்ளி வைக்கும் முன்பே கடைசி இரண்டு சுழியங்களை அடித்துவிட்டு, மிஞ்சிய 1-க்கு மூன்று தசம இடம் எண்ணியிருக்கிறாள். அதனால்தான் 0.001.

வரிசை முக்கியம். முதலில் 100-ல் வலமிருந்து மூன்று இடம் எண்ணிப் புள்ளி வைக்கட்டும்: 0.100. சுழியத்தை அதன் பிறகே நீக்கலாம்: 0.1.

மூன்று இடம் ஏன் என்பதையும் சொல்லிக்கொடுங்கள், பல வகுப்புகளில் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். 2.5 என்பது 25 பத்தில் ஒன்றுகள் (25/10). 0.04 என்பது 4 நூறில் ஒன்றுகள் (4/100). பத்தில் ஒன்றை நூறில் ஒன்றால் பெருக்கினால் ஆயிரத்தில் ஒன்று. ஆக விடை 100 ஆயிரத்தில் ஒன்றுகள் (100/1000). அந்த இரண்டு சுழியங்களும் இடமதிப்பைத் தாங்கி நிற்பவை. முன்கூட்டியே அடித்தால் விடை நூறு மடங்கு சுருங்கிவிடும்.

சரிபார்க்க: 2 × 0.04 = 0.08, 3 × 0.04 = 0.12. விடை இவற்றுக்கு நடுவில்தான் வர வேண்டும்.

கூட்டலைப் போலப் புள்ளிக்கு நேர் புள்ளி வைத்து எழுத வேண்டாம், இங்கே அது குழப்பும். பழக 1.25 × 0.8, 0.5 × 0.06 கொடுங்கள். விடைகள் 1, 0.03. முதல் கணக்கில் 0.001 வந்தால் பழைய பழக்கம் இன்னும் போகவில்லை.