தோள் பார்த்து வாங்குங்க: ஆல்டர் அக்காவிடம் கேள்வி பதில்

22 வருஷமா துணி ஆல்டர் பண்றேன். ஆபீஸ் உடுப்பு, கையில கொஞ்சம் காசு, இதுக்குள்ள எதை வேணா கேளுங்க. இந்த வருஷம் எது ஃபேஷன்னு மட்டும் கேட்காதீங்க, எனக்குத் தெரியாது. ஒரு துணி எந்த இடத்துல முதல்ல கிழியும்னு தெரியும்.

அக்கா, அடுத்த மாசம் முதல் வேலை. எத்தனை செட் எடுக்கணும்?

செட் கணக்கை விடுங்க தம்பி. இந்தச் சட்டைக்கு இந்தப் பேன்ட்னு ஜோடி போட்டு எடுத்தா 5 சட்டைக்கு 5 பேன்ட் வேணும். எந்தச் சட்டையும் எந்தப் பேன்ட்டோடும் போற மாதிரி எடுத்தா 3 பேன்ட், 5 சட்டை, 15 விதமாப் போடலாம். அதுக்கும் காசு பத்தலைன்னா 2 பேன்ட், 3 சட்டையோட ஆரம்பிங்க. மீதியைச் சம்பளம் வந்ததும் பாத்துக்கலாம்.

கையில இருக்கிற மொத்தத்தையும் கடையில கொடுத்துட்டு வராதீங்க. அஞ்சுல ஒரு பங்கு டைலருக்குன்னு எடுத்து வைங்க. மலிவான பேன்ட் இடுப்பும் நீளமும் சரியா இருந்தா விலை தெரியாது. விலை ஜாஸ்தியான பேன்ட் குதிகால்கிட்ட மடிஞ்சு கிடந்தா இரவல் வாங்கினதுன்னு தோணும்.

இடுப்பு, கால் நீளம், கை நீளம், பக்கவாட்டு லூஸ், எல்லாம் எங்களுக்குச் சின்ன வேலை. தோள் அப்படி இல்ல. கோட்டுல தோளைக் குறைக்கணும்னா லைனிங்கைப் பிரிக்கணும், கையைக் கழட்டணும், உள்ள வச்சிருக்கிற தோள் பேடை நகர்த்தணும், திரும்பக் கையை ஏத்தணும். கூலி கோட்டு விலையைத் தொட்டுடும். போட்டுப் பார்க்கும்போது கையைத் தொங்க விட்டு நில்லுங்க. தோள் தையல் உங்க தோள் எலும்பு முடியற இடத்துல உட்காரணும். அதைத் தாண்டி இறங்கினா கழட்டி மாட்டிட்டு வந்துடுங்க.

பழைய துணி வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்கறது?

தாராளமா. ஆனா உள்பக்கம் திருப்பிப் பாருங்க. பேன்ட்டுல தொடை உரசுற இடத்தை வெளிச்சத்துக்கு நேரா பிடிங்க, நூல் மெலிஞ்சிருந்தா வெளிச்சம் பொடிப்பொடியாத் தெரியும். சட்டைக்குக் காலர் மடிப்பு, அக்குள்.

அப்புறம் பேன்ட்டோட பின் நடுத்தையல். ரெண்டு பக்கமும் 1 அங்குலம் துணி விட்டிருந்தா இடுப்பை ஒன்றரை அங்குலம் வரை பெரிசு பண்ணலாம். தையலை ஒட்டியே துணியை வெட்டி, ஓரம் பிரியாம ஓவர்லாக் அடிச்சு முடிச்சிருந்தா பெரிசு பண்ண ஒண்ணும் கிடையாது. பிரிச்ச இடத்துல பழைய தையல் கோடு தெரியலாம், அதுக்கு என்னைத் திட்டக் கூடாது.

நல்ல கோட்டு பாதி விலைக்குக் கிடைக்குது, தோள் மட்டும் கொஞ்சம் பெரிசு...

வேண்டாம்.

எந்த பிராண்ட் நல்லது?

லேபிளைப் பார்க்காதீங்க, பட்டன் மாட்டற காஜாவைப் பாருங்க. நூல் பிசிறு இருந்தா மத்த தையலும் அப்படித்தான் இருக்கும்.

முதல் பேன்ட் கறுப்பு எடுக்கலாம்ல?

நான் எடுக்க மாட்டேன். நேவி இல்லைன்னா அடர் சாம்பல்.

என்னக்கா இது! கறுப்புதான் எதோடும் சேரும். அழுக்கும் தெரியாது.

அழுக்கு தெரியாது. தூசி, முடி, நூல் பிசிறு மூணும் தெரியும். காட்டன் கறுப்பு முட்டியிலயும் தையல் ஓரத்துலயும் சீக்கிரம் நரைக்கும். எதோடும் சேரும்ங்கறீங்க, இன்னொரு கறுப்போட சேராது. ஒருத்தர் கோட்டை ஒரு இடத்துல, பேன்ட்டை இன்னொரு இடத்துல வாங்கிட்டு வந்தார். ட்யூப்லைட்ல ரெண்டும் ஒண்ணு. வாசல்ல நின்னதும் கோட்டுல பச்சை ஓடுது, பேன்ட்டுல சிவப்பு. சாயக் கலவை வேறன்னா ஒரு வெளிச்சத்துல ஒத்துப்போற நிறம் இன்னொண்ணுல காட்டிக் கொடுத்துடும்.

நான் 6 வருஷமா ஒரே கறுப்பு பாலியஸ்டர் பேன்ட் போடறேன். துளிகூட நரைக்கல.

நரைக்காது. பாலியஸ்டர்ல சாயம் கெட்டியா நிக்கும், ஒத்துக்கறேன். உட்கார்ற இடம் கண்ணாடி மாதிரி பளபளங்குதான்னு வீட்டுல யாரையாவது பார்க்கச் சொல்லுங்க.

பார்க்கச் சொன்னேன். பளபளங்குதாம்.

இஸ்திரியை நேரா வைக்கிறீங்க. உள்பக்கம் திருப்பி, மேல ஒரு காட்டன் துணி போட்டுத் தேயுங்க. வந்த பளபளப்பு முழுசாப் போகாது, இனிமே கூடாம இருக்கும்.

எங்க ஆபீஸ்ல கறுப்பு கட்டாயம். நாங்க என்ன பண்றது?

சரி, உங்களுக்கு நான் தோத்துட்டேன். கோட்டும் ரெண்டு பேன்ட்டும் ஒரே துணியில, ஒரே நேரத்துல எடுங்க. சுத்தம் பண்ணக் கொடுக்கும்போது மூணையும் சேர்த்தே கொடுங்க. தனித்தனியாப் போனா தனித்தனி கறுப்பாத் திரும்பி வரும்.

வெள்ளைச் சட்டை அக்குள்ல மஞ்சளாகுது. ப்ளீச் போடலாமா?

குளோரின் ப்ளீச் வேண்டாம், மஞ்சள் இன்னும் ஏறும். வியர்வையோட டியோடரன்ட்ல இருக்கிற அலுமினிய உப்பு சேர்ந்து வர்ற கறை அது. பூசினது காஞ்ச பிறகு சட்டையைப் போடுங்க.

தோளை உள்ளே இழுத்து ஒரு தையல் போட்டா போதாதா?

கோட்டுத் தோள் பத்தி முன்னாடி சொன்னதைத் திரும்பப் படிங்க.

காட்டன் பேன்ட் வாங்கினதும் நீளம் குறைச்சுடலாமா?

முதல்ல ஒரு தடவை துவைங்க. நூத்துக்கு 3 பங்கு சுருங்கினாலே 40 அங்குலத்துல 1 அங்குலத்துக்கு மேல போயிடும். வெட்டின துணியை என்னால ஒட்ட முடியாது.

ஷூ பத்தி?

அது செருப்பு தைக்கிறவங்க கிட்ட கேட்க வேண்டியது. ஒரே ஜோடியைத் தினமும் போடாதீங்க, ஈரம் காய ஒரு நாள் விடணும்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான்.

புது கோட்டுல பின்னாடி திறப்புல பெருக்கல் குறி மாதிரி தையல் இருக்கு. டிசைனா?

இல்லம்மா! கடைக்கு வர்ற வழியில மடங்காம இருக்கப் போட்ட தற்காலிகத் தையல். சின்னக் கத்தரியால நூலை மட்டும் வெட்டி உருவுங்க. கை மேல லேபிள் தைச்சிருந்தா அதையும் எடுங்க. பாக்கெட் வாயும் தைச்சிருக்கும். வேணும்னா பிரிங்க, ஆனா மூடியே விட்டா பை தொங்காது.

தோள் பேடை எடுத்துட்டா தோள் சின்னதாகுமா அக்கா?

ஆகாது. தொங்கும். இன்னிக்கு இது நாலாவது தோள்.

கறுப்புக்கு வாதாடினவன்தான் அக்கா. என் கோட்டையும் பேன்ட்டையும் பகல் வெளிச்சத்துல வச்சுப் பார்த்தேன். ரெண்டும் ஒரே கறுப்பு!

நல்லா இருங்க. கோட்டோட தோள் எங்க உட்காருது?