எனக்குப் பாட்டி கதை இல்லை, பொடி பாக்கெட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: திண்டுக்கல்லில் வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, கறிவேப்பிலைப் பொடி செய்து விற்கிறேன். லேபிள் வடிவமைக்கும் தம்பி, "பிராண்டுக்கு ஒரு கதை வேணும்க்கா, 'பாட்டியின் நூறு வருடக் கைப்பக்குவம்'னு போட்டுடலாம்" என்கிறார். என் பாட்டி பொடி இடித்ததே இல்லை. 2020 ஊரடங்கில் அம்மா ஊரில் மாட்டிக்கொண்டபோது, போனில் கேட்டுக் கேட்டு நானாகப் பழகியது இது. முதல் தடவை உளுந்து கருகிப்போய், அப்புறம்தான் ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்கக் கற்றுக்கொண்டேன். கதை இல்லாமல் விற்க முடியாதா?

பதில்: அந்தப் பாட்டியை லேபிளில் ஏற்றாதீர்கள். உங்களுக்குத் தேவையான கதையை உங்கள் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள்: கருகிப்போன உளுந்து.

உணவு விற்பனையில் கதை என்றதும் பழமையைத்தான் பலரும் நினைக்கிறார்கள். கடை அலமாரியில் பொடி, ஊறுகாய் வரிசையைப் பாருங்கள். எத்தனை பாட்டிகள்! பத்து பாக்கெட்டில் ஒரே பாட்டி இருந்தால் வாங்குகிறவர் விலையை மட்டும்தான் ஒப்பிடுவார். கதை செய்ய வேண்டிய வேலை வேறு. இந்தப் பொடி ஏன் இந்த ருசியில் இருக்கிறது, ஏன் பத்து ரூபாய் அதிகம் என்பதற்கு அது காரணம் சொல்ல வேண்டும். எள் சட்டென்று பொரிந்துவிடும்; கடலைப்பருப்பு சிவக்க நேரமெடுக்கும். ஒரே வாணலியில் கொட்டினால் ஒன்று கருகும், இன்னொன்று பச்சை வாடை அடிக்கும். இதை ஒருமுறை படித்தவர் அடுத்த தடவை இட்லியைத் தொட்டுச் சாப்பிடும்போது அந்த வறுவலைக் கவனிப்பார். பாட்டியின் படத்தால் அது முடியாது.

உங்களைப் போன்றவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பெண்களே நடத்தும் லிஜ்ஜத் அப்பள நிறுவனத்தின் கதையை. 1959 மார்ச்சில் மும்பை கிர்காவ்ன் பகுதியில், ஒரு குடியிருப்பின் மொட்டை மாடியில், ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இட ஆரம்பித்தார்கள். முதல் நாள் உருட்டியது நான்கு பாக்கெட். இதில் 'பாரம்பரியம்', 'கைமணம்' என்ற சொல் எதுவும் இல்லை. ஏழு பேர், எண்பது ரூபாய், நான்கு பாக்கெட் என்ற எண்கள்தான் மனதில் நிற்கின்றன. இன்றும் அங்கே உறுப்பினர்களே உரிமையாளர்கள், மாவை வாங்கிப்போய் வீட்டில் அப்பளம் இட்டுக் கொண்டுவருகிறார்கள். சொன்ன கதையும் நடக்கிற தொழிலும் ஒன்றாக இருப்பதால்தான் அது இத்தனை வருடம் தாங்குகிறது.

திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா இன்னொரு மாதிரி. நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே, சாயங்காலம் சில மணி நேரம் மட்டும் வியாபாரம். மங்கலான விளக்கில் நடந்த கடை என்பதால் ஜனங்களே வைத்த பெயர் அது. வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறவர் அந்தக் கூட்டத்தையும் இருட்டையும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுக்கிறார். திரும்பச் சொல்ல வசதியான ஒரே ஒரு விஷயம் இருந்தால் போதும், வாடிக்கையாளர் உங்களுக்காகப் பேசுவார்.

பொய்க் கதையில் சட்டச் சிக்கலும் உண்டு. உணவு விளம்பரம் பற்றிய 2018 எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம்) விதிமுறைகளின்படி 'பாரம்பரிய', 'ஒரிஜினல்', 'சுத்தமான' போன்ற சொற்களைப் போட நிபந்தனைகள் இருக்கின்றன. தலைமுறைகளாகப் பெரிய மாற்றமில்லாமல் வந்த செய்முறைக்குத்தான் 'பாரம்பரிய' என்ற சொல் பொருந்தும். 'ஹோம் மேட்' என்பதையும் தவறான எண்ணம் தரும்படி போடக்கூடாது. நாளைக்கு நீங்கள் தனி யூனிட்டுக்கு மாறினால் பழைய லேபிளே உங்களுக்கு எதிராக நிற்கும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கறிவேப்பிலைப் பொடிக்கு 'முடி கொட்டாது', 'சர்க்கரை குறையும்' என்று எழுதும் ஆசையையும் இப்போதே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, ஊர்ப்பெயர். மிளகாயைப் பற்றி எழுதும்போது 'ராமநாதபுரம் முண்டு' என்று போட்டால் வத்தல் அங்கிருந்துதான் வர வேண்டும். அந்த மிளகாய் 2023-இல் புவிசார் குறியீடு, அதாவது அந்தப் பகுதியில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்ற சட்டப் பாதுகாப்பு, பெற்றது. வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கடை வத்தல் என்றால் ஊர்ப்பெயரே வேண்டாம்.

சரி, லேபிளின் பின்பக்கத்துக்கு நான் எழுதிப் பார்த்தது இது:

"2020 ஊரடங்கு. அம்மா ஊரில் மாட்டிக்கொண்டார். போனில் கேட்டு வறுத்த முதல் பொடியில் உளுந்து கருகிவிட்டது. அன்றிலிருந்து உளுந்து, கடலைப்பருப்பு, எள் மூன்றையும் தனித்தனியாகத்தான் வறுக்கிறேன்."

இவ்வளவுதான். இதற்கு மேல் நீட்டினால் யாரும் படிக்கமாட்டார்கள். பொருட்களின் பட்டியல், தேதி, உரிம எண் எல்லாம் தெளிவாகத் தெரிய இடம் விட வேண்டும். கதையை முன்பக்கம் போடாதீர்கள். அங்கே பெயரும் பொடியின் நிறமும் தெரிந்தால் போதும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இதையே மறுபடி எழுதாமல், எள் பொரியும் சத்தத்தைப் பதினைந்து வினாடி காட்டுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம், அந்தச் சத்தம்தான் ஆதாரம். அரைத்த தேதியைப் பாக்கெட்டில் உங்கள் கையெழுத்திலும் எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அம்மாவிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். போனில் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஏதாவது ஒரு வரி அவருக்கு நினைவிருப்பது போல இல்லை என்றால், அந்த வரியை எடுத்துவிட்டு அவர் சொல்வதை எழுதுங்கள்.