எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க? – கடிதமும் பதிலும்

டீச்சருக்கு வணக்கம்.

நான் செங்கோட்டையை அடுத்து, கேரள எல்லையில் இருக்கிற புளியரைப் பக்கத்துக்காரன். 1997-ல் செங்கோட்டையில் மீட்டர்கேஜ் ரயிலேறிக் கொல்லம் வழியாகப் போனவன். சவூதியில் 27 வருஷம், ஜுபைலில் ஒரே கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. ஒரேயடியாக ஊர் திரும்புகிற ஃபைனல் எக்ஸிட் அடித்துக்கொண்டு வந்து ஏழு மாதமாகிறது. வயது 61.

வீட்டில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. கேஸ் சிலிண்டர் வந்தால் மனைவி பார்த்துக்கொள்கிறாள். கரண்ட் பில்லை மகன் போனிலேயே கட்டிவிடுகிறான். போன மாதம் வயலுக்குப் போனேன். கார் பருவ நடவுக்கு உழுது போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் வரப்பை அரக்கி நகர்த்தியிருப்பது போலப் பட்டது. குத்தகைக்காரரிடம் சத்தம் போட்டேன். அவர் எனக்குப் பதில் சொல்லவில்லை. போனை எடுத்து என் மனைவியைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி வந்திருக்காக, என்னமோ சொல்லுதாக" என்றார். வீட்டுக்கு வந்தால் அவள், "அது நான் பேசி முடிச்சது, உங்களுக்கு எதுக்கு?" என்கிறாள். அந்த வயல் யார் பணத்தில் வாங்கியது டீச்சர்?

தெருவில் இறங்கினால், "எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க?" ஏழு மாதம் கழித்தும் அதே கேள்வி. ஜுபைலில் இருந்து ஒரு நண்பர், வேறு கம்பெனியில் விசா இருக்கிறது, வந்துவிடு என்கிறார். போய்விடலாம் போல இருக்கிறது. இன்னொன்று, என் ரூமில் இருந்த புனலூர்க்காரருக்குக் கேரளாவில் பிரவாசி பென்ஷன், அதாவது வெளிநாட்டில் வேலை பார்த்தவர்களுக்கான பென்ஷன், வருகிறது. நமக்கு அப்படி ஏதும் உண்டா?

பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் குவைத்திலும் தமாமிலுமாக 25 வருஷம் இருந்துவிட்டு வந்தவர். முழுக்கக் கேட்டுவிட்டு, "வரப்பு விஷயத்துல அவரு சொல்றது சரியாத்தான் இருக்கும்" என்றார். இத்தனை பெரிய கடிதத்தில் அவர் காதில் விழுந்தது அந்த வரப்பு ஒன்றுதான்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். புனலூர்க்காரருக்கு வருவது சும்மா வருகிற பென்ஷன் இல்லை. கேரளப் பிரவாசி நல வாரியத்தில் 60 வயதுக்கு முன்னால் சேர்ந்து, குறைந்தது ஐந்து வருஷம் மாதாமாதம் பணம் கட்டியவர்களுக்குத்தான் அது. அதுவும் கேரளத்துக்காரர்களுக்கு மட்டும். 1956 நவம்பர் 1-ம் தேதி செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்தது. வராமல் இருந்திருந்தால் நீங்களும் கட்டியிருக்கலாம். அதற்கு இப்போது யாரிடம் போய்க் கேட்பது? நம் அரசும் 2011-ல் வெளிநாடுவாழ் தமிழர் நலனுக்கென்று சட்டம் போட்டது. வாரியமும் இருக்கிறது, ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம் என்று விழாவும் எடுக்கிறார்கள். உங்களைச் சேர்த்துக்கொள்வார்களா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். ஆனால் புனலூர்க்காரருடைய பாஸ்புக்கைப் பார்த்துப் பெருமூச்சு விடாதீர்கள்.

அப்புறம் வயல்.

நீங்கள் எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். குத்தகைக்காரர் செய்தது மரியாதைக் குறைவு என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவருக்கு முதலாளி உங்கள் மனைவிதான். பிசானப் பருவத்துக்கு விதைநெல் வாங்கக் கைமாற்றுக் கொடுத்திருப்பார். மழை பொய்த்த வருஷம் குத்தகையில் இரண்டு கோட்டை நெல்லைத் தள்ளியிருப்பார். அந்த வரப்பைப் பற்றியும் பக்கத்து வயல்காரரோடு ஏதோ பேசி ஒரு முடிவுக்கு வந்திருப்பார். "பேசி முடிச்சது" என்று அவர் சொன்னாரே, அதற்குப் பின்னால் எத்தனை நாள் பேச்சு இருக்கும் என்று அவரிடம் கேட்டீர்களா? யார் பணம் என்று என்னிடம் கேட்கிறீர்கள். பணம் உங்களுடையதுதான், அதில் யாருக்குச் சந்தேகம்? ஆனால் வங்கியில் வந்து விழுந்த பணம் வயலாக மாறுவதற்கு நடுவே ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. பத்திர ஆபீசில் காலையில் இருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்தது அந்த ஆள்தான். வீட்டு வேலை நடந்தபோது ராத்திரி இரண்டு மணிக்கு மணல் லாரி வந்து ஹாரன் அடித்தால் டார்ச்சோடு எழுந்து போனதும் அதே ஆள்தான். எங்கள் வீட்டில் அது நான்.

நான் கணக்கு டீச்சர் என்பதால் கை சும்மா இருக்காது. 27 வருஷத்தில் இரண்டு வருஷத்துக்கு இரண்டு மாதம் என்றால் 13 லீவு, 26 மாதம். மனைவியோடு ஒரே கூரையின் கீழ் நீங்கள் இருந்த காலம் இரண்டு வருஷமும் இரண்டு மாதமும். சவூதிச் சட்டப்படி உங்களுக்கு வந்திருக்க வேண்டிய சர்வீஸ் பணத்தையும் போட்டுப் பார்த்தேன். முதல் ஐந்து வருஷத்துக்கு வருஷம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருஷம் ஒரு மாதச் சம்பளம். மொத்தம் இருபத்து நாலரை மாதம். கிட்டத்தட்ட அதே எண். ஏன் என்று கேட்காதீர்கள், நோட்டுப் புத்தகத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அந்த 26 மாதமும் லீவு மாதங்கள். லீவுக்கு வருகிற ஆளுக்கு நாங்கள் காட்டுகிற வீடு வேறு. தினமும் கோழி, இல்லாவிட்டால் மீன். குற்றாலத்துக்கு ஒரு நடை, ஆரியங்காவு கோயிலுக்கு ஒரு நடை. ஒழுகுகிற ஓட்டை, கட்டாத பீஸை, மாமியாரோடு போட்ட சண்டையை எல்லாம் பரணில் தூக்கி வைத்துவிட்டுச் சிரித்த முகமாக இருப்போம். இரண்டு மாதத்தில் திரும்பிப் போகிற மனுஷனிடம் எதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? நீங்கள் வீடு என்று நினைத்துக்கொண்டு போனது அதைத்தான். இப்போது வந்து இறங்கியிருப்பது நிஜமான வீட்டில். இங்கே நீங்கள் புது ஆள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். இவர் 2016-ல் வந்தார். வந்து ஒரு வாரம் இருக்கும். தயிர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தால் டப்பா மூடியில் கறுப்பு மார்க்கரில் இவர் பெயர். பக்கத்தில் தேதி. "இது யாரு எழுதினது?" என்றேன். "நான்தான்." "எதுக்கு?" கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க பழக்கம்" என்றார். தமாமில் ஒரு ரூமில் எட்டுப் பேர், ஒரு ஃப்ரிட்ஜ். பெயர் எழுதாத தயிர் காலையில் இருக்காது.

அதற்குப் பிறகுதான் மற்றதையும் கவனிக்க ஆரம்பித்தேன். சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் உடனே கழுவித் துடைத்து, நம்முடைய பாத்திரங்களோடு சேர்க்காமல் ஜன்னல் திட்டில் தனியாகக் கவிழ்த்து வைப்பார். இரட்டைக் கட்டிலில் சுவரோரமாக ஒரு முழ அகலத்தில் ஒடுங்கிப் படுப்பார். பெட்டிக்குச் சின்னப் பூட்டு, சாவி இடுப்பில். அவருடைய சொந்த வீட்டில்! முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. நான் என்ன திருடவா போகிறேன்? அப்புறம் ஒருநாள் அதிகாலை நாலரைக்கு முழித்துப் பார்த்தால், குளித்து, சட்டை பேண்ட் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். கம்பெனி பஸ் அங்கே ஐந்து மணிக்கு வருமாம். இங்கே எந்த பஸ் வரப்போகிறது? புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டிக் கேரளாவுக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிப் போகிற லாரிதான் போய்க்கொண்டிருந்தது. நானும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஒன்றும் பேசவில்லை. சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

உங்கள் வீட்டில் உங்கள் மனைவியும் இப்படி எதையாவது பார்த்திருப்பார். உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் அவருடைய ராஜ்ஜியத்தைப் பறிக்க வந்துவிட்டீர்களோ என்று அவருக்கு ஒரு பக்கம் பயம், இந்த மனுஷன் இப்படித் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாரே என்று இன்னொரு பக்கம் பாவமாக இருக்கும். இரண்டும் சேர்ந்துதான் "உங்களுக்கு எதுக்கு?" என்று வெளியே வரும். அந்த வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன். சொன்னதில் எனக்குப் பெருமை இல்லை.

இவர் இதற்கு முன்னால் ஒருமுறை திரும்பி வந்திருக்கிறார். 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தபோது அங்கே மாட்டிக்கொண்டவர். அம்மான் வழியாக ஏர் இந்தியா விமானங்களில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு வந்தார்களே, அதில் ஒருவராக வந்து சேர்ந்தார். கையில் ஒரு பை, காலில் ரப்பர் செருப்பு. அன்றைக்கு ஊரே வாசலில் நின்றது. 2016-ல் ஏழு கார்கோ பெட்டியோடு வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கூட எட்டிப் பார்க்கவில்லை, லீவுக்கு வந்திருப்பார் என்று நினைத்துவிட்டார்கள்.

"எப்ப போறீங்க?" என்று கேட்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள். மலைக்கு இந்தப் பக்கம் "எப்ப வந்தீங்க, எப்ப போறீங்க", அந்தப் பக்கம் "எப்போ வந்நு, என்னா திரிச்சு". வணக்கம் சொல்கிற மாதிரி அது ஒரு பேச்சு. பதிலை யாரும் காதில் வாங்குவதில்லை. இவர் ஒரு வருஷம் வரை எல்லோருக்கும் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு "பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு நடக்கக் கற்றுக்கொண்டார். ஊரும் என்ன செய்யும்? நீங்கள் ஏறிப்போன மீட்டர்கேஜ் பாதை 1904-ல் போட்டது. 2010-ல் அது நின்று, எட்டு வருஷம் ரயிலே இல்லாமல் கிடந்து, 2018-ல் அகலப்பாதையாக வந்தது. பாஸ்போர்ட்டில் உங்கள் மாவட்டம் திருநெல்வேலி என்று இருக்கும். 2019 நவம்பரில் இருந்து நாம் தென்காசி மாவட்டம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு ஆள் வந்து ஏழு மாதமாகிறது என்பது கணக்கில் வராது.

விசா விஷயம். கடன் இருந்தால் சொல்லுங்கள், அது வேறு பேச்சு. கடிதத்தில் கடன் என்ற வார்த்தையே இல்லை, கோபம்தான் இருக்கிறது. கோபத்துக்காக 61 வயதில் திரும்பவும் இகாமா என்கிற அந்த ஊர்த் தங்கும் அனுமதி எடுத்து, திரும்பவும் பங்க் கட்டிலில் ஏற வேண்டுமா? அங்கே போனால் உங்களுக்கு மரியாதை கிடைக்கும், ஸ்டோரில் எந்த போல்ட் எந்த ரேக்கில் என்று உங்களைத்தான் கேட்பார்கள், எனக்குப் புரிகிறது. இவரும் இரண்டு முறை பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தார். நான் தடுக்கவில்லை. பிரஷர் மாத்திரை எத்தனை மாதத்துக்கு வாங்கித் தரட்டும் என்று மட்டும் கேட்டேன்.

மாத்திரை என்றதும் ஞாபகம் வருகிறது. கம்பெனி இன்ஷூரன்ஸ் உங்கள் இகாமாவோடு போயிருக்கும். இங்கே உடனே ஒன்று எடுங்கள். ஏற்கெனவே இருக்கிற வியாதிக்கு மூன்று வருஷம் வரை காத்திருக்க வைப்பார்கள். 2024-க்கு முன்னால் அது நாலு வருஷமாக இருந்தது. சர்க்கரை இருந்தால் இருக்கிறது என்றே எழுதுங்கள், மறைக்காதீர்கள். வங்கிக்கும் போக வேண்டும். நிரந்தரமாக வந்துவிட்டீர்கள் என்றால் வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது. சொல்லி, உள்நாட்டுக் கணக்காகவோ, டாலரில் இருக்கட்டும் என்றால், திரும்பி வந்தவர்கள் வெளிநாட்டுப் பணத்திலேயே வைத்திருக்கிற ஆர்.எஃப்.சி. கணக்காகவோ மாற்ற வேண்டும். வட்டிக்கு வரி இல்லை என்ற சலுகை வெளிநாட்டில் இருந்தவரைக்கும்தான். இத்தனை வருஷம் வெளியே இருந்தவருக்கு வருமான வரியில் முதல் இரண்டு மூன்று வருஷம் தனிக் கணக்கு உண்டு, ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்தால் பிடிபடும். இதெல்லாம் முடிகிற வரைக்கும் கடன் கேட்டு வருகிற சொந்தக்காரர்களிடம், பணம் வங்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். அது பொய்யும் இல்லை.

வங்கிக்குத் தனியாகப் போகாதீர்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். மேனேஜருக்கு அவரைத்தான் தெரியும்.

வரும்போது அப்படியே வயல் பக்கம் இறங்கி, அந்த வரப்பில் என்ன பேசி முடித்தார் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள். ஸ்டோர் கீப்பருக்கு இது கஷ்டம்தான், தெரியும். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். இந்த முறை அவரே எழுதினால் இன்னும் நல்லது.